தேரை நிறுத்தக் கட்டை எதற்கு?

திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நாளில் கூட்டத்தின் கண்ணெல்லாம் வடத்தின் மேல்தான் இருக்கும். அலங்காரம் முடிந்தபின் 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். ‘ஆரூரா, தியாகேசா’ முழக்கத்துக்கு நடுவே ஆயிரக்கணக்கானோர் வடத்தைப் பிடித்துச் சாய்கிறார்கள். பின்னாலிருந்து நெம்புகிறார்கள். தேர் ஒருமுறை முனகிவிட்டு அசைகிறது. படம் எடுப்பவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள். நான் பார்க்கச் சொல்வது சக்கரத்தின் பக்கம். கையில் முட்டுக்கட்டையோடு, முதுகை வளைத்தபடி, தேரோடு தேராக நகர்கிற நாலைந்து பேரை அங்கே காணலாம். திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் செய்து, ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகும் அவர்களுக்கு வேலை போகவில்லை.

தேரை ஓட வைப்பது வடத்தின் இழுவைதான் என்றால், இழுப்பதை விட்டதும் தேர் தானாக நின்றுவிட வேண்டும். பிறகு கட்டை எதற்கு?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லப் புகுந்தால், நம்மில் பத்தில் ஒன்பது பேர் வைத்திருக்கிற ஒரு நம்பிக்கை உடைந்துபோகும். விசை இருக்கும்வரை பொருள் ஓடும், விசை தீர்ந்தால் நிற்கும், பெரிய விசை என்றால் பெரிய வேகம் என்பதே அந்த நம்பிக்கை. படிக்காதவர்களின் நம்பிக்கை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இயற்பியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களிடமும் இது பத்திரமாக இருக்கிறது.

என் அக்கா மகன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். சாய்தளத்தில் ஒரு பெட்டி, மேலே ஒரு கப்பி, தொங்குகிற இன்னொரு பெட்டி என்று கணக்குக் கொடுத்தால் முடுக்கத்தை இரண்டு நிமிடத்தில் போட்டுக் காட்டுவான். ஒருநாள் அவன் முன்னால் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டி மேலே எறிந்து பிடித்தேன்.

“கையை விட்டு மேல போறப்போ இது மேல என்னென்ன விசை இருக்கு?”

“கீழ இழுக்கிற புவியீர்ப்பு. அப்புறம் மேல தள்ளுற விசை.”

“கைதான் விட்டுடுச்சே, மேல யாருடா தள்ளுறா?”

“நீங்க குடுத்ததுதான் மாமா. உள்ள இருக்கும். போகப் போகக் குறையும். தீந்ததும் கீழ வரும்.”

எவ்வளவு ஒழுங்கான விளக்கம்! 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஃபிலோபோனஸ் சொன்னது ஏறக்குறைய இதுதான். 14ஆம் நூற்றாண்டுப் பாரிசில் பூரிடான் இதைச் செம்மைப்படுத்தினார். நியூட்டனின் மூன்று விதிகளையும் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிற பையன், நியூட்டனுக்கு முந்தைய உலகத்தில் வசதியாகக் குடியிருக்கிறான். காற்றின் சிறு தடையை விட்டுவிட்டால், கையைப் பிரிந்த கணம் முதல் நாணயத்தின் மேல் இருப்பது ஒரே விசை. அதுவும் கீழ்நோக்கி. மேலே போகும்போதும், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும், கீழே வரும்போதும் அதே ஒரு விசை, அதே அளவு.

மறுக்கப் புகுகிறவன் எதிராளியின் கட்சியை முதலில் ஒழுங்காக எடுத்துவைக்க வேண்டும் என்பது தமிழில் பழைய மரபு. சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முன்னே வைத்துத்தான் அருணந்தி சிவாச்சாரியார் சுபக்கத்துக்கு வருகிறார். நானும் பரபக்கத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாடு இழுத்தால் வண்டி போகிறது, மாடு நின்றால் வண்டி நிற்கிறது. மிதித்தால் சைக்கிள் ஓடுகிறது, மிதிக்காவிட்டால் நாலு கடை தள்ளி நின்றுவிடுகிறது. ஒற்றை மாட்டைவிட இரட்டை மாடு வேகம். பிறந்தது முதல் நாம் தொட்ட பொருள்களெல்லாம் இப்படியே நடந்துகொண்டிருக்க, இதற்கு மாறாக ஒருவர் புத்தகத்தில் எழுதிவைத்தால் கண்ணை நம்புவதா, புத்தகத்தை நம்புவதா? இயங்குவதை இயக்குவது ஒன்று கூடவே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் முடிவு கட்டியதும் இதே சாட்சியங்களை வைத்துத்தான். அவர் அசட்டுத்தனமாக எதையும் சொல்லிவிடவில்லை. தரையும் காற்றும் தண்ணீரும் எதையும் சும்மா விடாத ஓர் உலகத்தை உற்றுப் பார்த்துச் சொன்னார்.

பரபக்கத்தின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. அது பார்த்ததெல்லாம் உண்மை, எண்ணியதுதான் அரைகுறை. மாட்டை எண்ணியது, தரையை எண்ணவில்லை.

வீட்டில் கேரம் பலகை இருந்தால் எடுத்துப் போடுங்கள். பவுடர் இல்லாமல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுங்கள். எதிர்ச் சுவரைத் தொடுவதற்கே திணறும். கொஞ்சம் பவுடர் தூவி அதே வேகத்தில் சுண்டுங்கள். சுவரில் மோதித் திரும்பி வரும். பலகையை நன்றாகத் துடைத்து, புதுப் பவுடரைச் சீராகத் தேய்த்துவிட்டுச் சுண்டினால் நாலு சுவரையும் பார்த்துவிட்டு வரும். விரல் கொடுத்த அடி மூன்று தடவையும் ஒன்றே. விரலை விட்டபிறகு ஸ்ட்ரைக்கரை யாரும் தள்ளவில்லை. அப்படியானால் ஓட்டம் எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானித்தது எது? பலகையின் பிடி. உள்ளே ஏற்றி வைத்த விசை தீர்ந்ததால் ஸ்ட்ரைக்கர் நின்றது என்றால், பவுடர் போட்டதும் அந்த விசை ஏன் நிதானமாகத் தீர வேண்டும்? பவுடர் ஸ்ட்ரைக்கருக்குத் தீனி போடவில்லையே!

இனி ஒரே ஓர் அடி மிச்சம். பவுடர் அப்பழுக்கில்லாமல் வழுக்கினால், பலகைக்குச் சுவரே இல்லாவிட்டால், ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்கும்? நிற்க ஒரு காரணமும் இல்லை. கலிலியோ சாய்ந்த பலகைகளில் உருண்டைகளை ஓடவிட்டு வந்து சேர்ந்த இடம் இது. ஒரு சரிவில் இறங்கிய உருண்டை எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைப் படுக்கவைக்கப் படுக்கவைக்க அதிக தூரம் ஓடுகிறது. முழுக்கப் படுத்துவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். 1687இல் நியூட்டன் தமது நூலில் முதல் விதியாக வைத்தது இதைத்தான். சீராக ஓடுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வேகம் கூடினால், குறைந்தால், திசை திரும்பினால் மட்டும் காரணம் தேடு.

அப்படியென்றால் மாட்டுக்கு ஏன் வியர்க்கிறது? மாடு தரையோடும் அச்சோடும் மல்லுக்கட்டுகிறது. சமதரையில் வண்டி ஒரே வேகத்தில் போகும்போது முன்னால் மாடு இழுக்கிற அளவுக்குப் பின்னால் உராய்வு இழுக்கிறது. இரண்டையும் திசை பார்த்துக் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது சுழி. இப்படி மிஞ்சுகிற விசையைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘தொகுபயன் விசை’ என்கிறது, இலங்கைப் பாடநூல் ‘விளையுள் விசை’ என்கிறது. கடைக்காரர் மொழியில் வரவு செலவு போக நிகரம். நிகர விசை என்றே வைத்துக்கொள்வோம்.

கடைக்காரர் மொழியை விட்டுவிடாமல் இன்னும் ஒரு படி போகலாம். இன்று வரவும் செலவும் சரிக்குச் சரி. நிகர வரவு சுழி. அதனால் வங்கியில் கிடக்கும் கையிருப்பு காலியாகிவிட்டது என்று எந்தக் கணக்குப்பிள்ளையாவது எழுதுவாரா? கையிருப்பு நேற்று இருந்தபடியே இருக்கிறது என்றுதான் எழுதுவார். வேகம் கையிருப்பு, நிகர விசை அன்றாட நிகர வரவு. வரவு எவ்வளவு என்று தெரிந்தால் கையிருப்பு எப்படி மாறும் என்று சொல்லலாம். கையிருப்பு எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பெரிய விசை என்றால் பெரிய வேகம் என்பவர்கள், இன்று நல்ல வியாபாரம் நடந்த பெட்டிக்கடைக்காரரைக் கோடீஸ்வரர் என்கிறார்கள்.

நிகர விசை சுழி என்றால் பொருள் நின்றுதான் ஆக வேண்டும் என்று இன்னமும் அடம்பிடிப்பவர்கள் மழையில் போய் நிற்கட்டும். இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு துளி, காற்றே இல்லாவிட்டால், மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் தலையில் இறங்கும். ஒவ்வொரு துளியும் துப்பாக்கிக் குண்டாகிவிடும். ஐப்பசி மழையில் யாரும் வெளியே தலைகாட்ட முடியாது. நடப்பது வேறு. துளியின் வேகம் ஏற ஏறக் காற்றின் தடையும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் தடையும் எடையும் சமமாகிவிடுகின்றன. அதன்பின் வேகம் கூடுவதில்லை. பெரிய துளிகூட வினாடிக்கு ஒன்பது மீட்டர் அளவிலேயே, அதாவது மணிக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டரில் வந்து சேர்கிறது. உங்கள் உச்சந்தலையைத் தொடும் கணத்துக்கு முன்புவரை அதன் மேலுள்ள நிகர விசை சுழி. ஆனாலும் அது நடு வானத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை, உங்களை நனைக்கிறது.

மழை வேண்டாம் என்றால் லிஃப்டில் ஏறுங்கள். சீரான வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும் லிஃப்டை மேலே இழுக்கும் இரும்பு வடத்தின் விசை பெரிதா, கீழே இழுக்கும் எடை பெரிதா? மேலே போகிறதே, வடத்தின் விசைதான் பெரிது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். இரண்டும் சமம். எடை பார்க்கும் கருவியை லிஃப்டுக்குள் வைத்து ஏறி நின்றால் அதுவே காட்டிக்கொடுக்கும். 60 கிலோ ஆள் நின்றால், கிளம்பும் அந்த ஒன்றிரண்டு வினாடி மட்டும் முள் 65, 66 என்று எகிறும். பிறகு வழி நெடுக 60தான். மாடியை நெருங்கி வேகம் குறையும்போது 60க்கும் கீழே இறங்கும். அப்போதும் லிஃப்ட் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது! நிகர விசை கீழ்நோக்கி, பயணம் மேல்நோக்கி.

விசையின் திசையும் ஓட்டத்தின் திசையும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும் என்ற நினைப்பு இங்கே அடிபட்டுப் போகிறது. சந்திரயான் 3இன் பயணத்தை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய கலம், பூமியைச் சில சுற்றுகள் சுற்றியபின் ஆகஸ்ட் 1 பிறந்த நள்ளிரவில் நிலவை நோக்கித் தட்டிவிடப்பட்டது. மூன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த வழியில் முதன்மை எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே கிடந்தது. இந்தக் காலத்தில் கலத்தின் வேகம் மாறியது, அதுவும் பூமி பின்னால் இழுத்ததால் குறைந்தது, நிலவின் இழுவை கை ஓங்கியதும் கூடியது. ஓட்டத்துக்கு எஞ்சின் தேவைப்படவில்லை. எஞ்சின் தேவைப்பட்டது ஆகஸ்ட் 5 அன்று, வேகத்தைக் குறைத்து நிலவின் பிடிக்குள் சிக்கவைக்க. அன்று அரை மணி நேரம் எரிந்தது. பிறகு ஆகஸ்ட் 23 மாலை. நிலவுக்கு மேலே சுமார் 30 கிலோமீட்டரில் மணிக்கு 6,000 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த சந்திரயானின் தரையிறங்கு கலமான விக்ரம், ஏறத்தாழ 19 நிமிடம் எஞ்சின்களை ஓட்டத்துக்கு எதிராக எரித்து எரித்து, மாலை 6.04க்கு மெல்லத் தரையில் கால் வைத்தது. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்த 19 நிமிடம், எஞ்சின் என்பது ஓடவைக்க மட்டும்தான் என்ற நினைப்புக்கு எதிரான நேரடி ஒளிபரப்பு. நிலவில் காற்றில்லை, பாராசூட் விரியாது. அங்கே எஞ்சின்தான் முட்டுக்கட்டை.

இத்தனைக்குப் பிறகும் இந்த நம்பிக்கை ஏன் சாகவில்லை? ஒரு காரணம் நம் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. ‘விசை’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு வேகம் என்ற பொருள் பழையது. விசையாக நட என்றால் வேகமாக நட. விசைப்படகு, விசைத்தறி என்னும்போது எஞ்சினும் மின்சாரமும் தருகிற ஆற்றலைக் குறிக்கிறோம். இயற்பியல் வகுப்பில் அதே சொல்லை மூன்றாவது ஒன்றுக்குக் கொடுத்தோம். வேகமும் ஆற்றலும் விசையும் ஒரே சட்டையில் நுழைந்துகொண்டால், வேகமாகப் போகிற பந்தில் ‘விசை அதிகம்’ என்று சொல்லாமல் வேறென்ன சொல்லுவான் பையன்? சொல்லை மாற்றத் தேவையில்லை. இந்தச் சொல்லுக்கு வகுப்பறையில் வேறு வேலை என்பதை முதல் நாளே உடைத்துச் சொல்லியிருக்கலாம். ‘விசை என்பது தள்ளுதல் அல்லது இழுத்தல்’ என்று ஒரு வரியை எழுதிப்போட்டு, தள்ளினால் என்ன மாறும் என்பதைச் சொல்லாமல் கணக்குக்குப் போய்விடுகிறோம்.

எதிர்க்கட்சி இன்னும் வாயை மூடவில்லை. “பஸ்ஸில் பிரேக் அடித்தால் என்னை முன்னால் தள்ளுகிறதே, வளைவில் வெளியே இழுக்கிறதே, என் உடம்பு பொய் சொல்லுமா?” என்று கேட்கிறது. உடம்பு பொய் சொல்லவில்லை. உடம்புக்குத் தெரிவதெல்லாம் மாற்றம் மட்டுமே. மணிக்கு 900 கிலோமீட்டரில் சீராகப் பறக்கும் விமானத்தில் கோப்பையில் காபி அசையாமல் நிற்கிறது. சென்னையில் சாய்வுநாற்காலியில் சாய்ந்திருக்கும் தாத்தாவைப் பூமி தன் சுழற்சியில் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே இட்டுச் செல்கிறது. அவருக்கு ஒரு சலனமும் இல்லை. பஸ்ஸில் நடப்பதையும் இப்படிப் பாருங்கள். பிரேக் பஸ்ஸைப் பிடித்தது, உங்களைப் பிடிக்கவில்லை. நீங்கள் போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே போகிறீர்கள், பஸ் பின்தங்குகிறது. வளைவில் பஸ் திரும்புகிறது, படிக்கட்டில் தொங்குகிற பையன் நேராகப் போகிறான். அவனை வெளியே வீசிய கை எதுவும் இல்லை. உள்ளே இழுத்துத் திருப்பியிருக்க வேண்டிய பிடி போதாமல் போனது, அவ்வளவே.

இந்த ஒரு தவறான கருத்து அறிவு வரலாற்றில் எவ்வளவு பெரிய கதவைச் சாத்தி வைத்தது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கி.பி. 499இல் ஆரியபடர், ஓடத்தில் போகிறவனுக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கி ஓடுவதுபோலத் தோன்றுவதைக் காட்டி, நட்சத்திரங்கள் மேற்கே நகர்வதும் அப்படித்தான் என்றார். பூமி சுழல்கிறது என்பது பொருள். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் மறுத்தார். பூமி சுழன்றால் வானத்தில் பறக்கும் பறவைகள் கூட்டுக்குத் திரும்ப முடியாதே என்பது அவர் வாதம். மரம் கிழக்கே ஓடிவிடும், பறவை பின்னால் விடப்படும். தரையை விட்டுக் கிளம்பியதும் தள்ளுவார் இல்லாததால் பறவையின் கிழக்குநோக்கிய ஓட்டம் அற்றுப்போகும் என்று எண்ணினால் மட்டுமே இந்த வாதம் நிற்கும். விசை நின்றால் ஓட்டம் நிற்கும் என்ற அதே பாட்டு! பின்வந்த உரைகாரர்கள் ஆரியபடரின் வரிகளுக்கே வேறு பொருள் கற்பித்தார்கள். ஐரோப்பாவிலும் இதே தடை இருந்தது. 1632இல் வெளிவந்த உரையாடல் நூலில், சீராகச் செல்லும் கப்பலின் அறைக்குள் சொட்டும் நீரும் பறக்கும் பூச்சியும் கரையில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும் என்று காட்டித்தான் கலிலியோ அதைத் தகர்த்தார்.

“சரி, கிரகமும் நிலவும் உங்களுக்கு. எங்கள் தெருவுக்குப் பழைய கருத்தே போதும்” என்று கடைசியாக ஒரு வாதம் வரும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பழைய கருத்து ஆளைக் கொல்லும் இடம் தெருதான்.

காரின் முன்சீட்டில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாயைத் தினமும் பார்க்கிறோம். “நான் கெட்டியாகப் பிடித்திருக்கிறேன்” என்பார். கணக்கைப் போடுவோம். குழந்தை பத்து கிலோ, வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். எதிரே சுவர். வண்டி பத்தில் ஒரு பங்கு வினாடியில் நிற்கிறது. அதே நேரத்தில் குழந்தையையும் நிறுத்த வேண்டுமானால் தாயின் கைகள் 140 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு விசை தர வேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. குழந்தையை எதுவும் முன்னால் தள்ளவில்லை. அது ஓடிக்கொண்டிருந்த ஓட்டத்தை நிறுத்தத் தேவையான விசையை யாராலும் தர முடியவில்லை. பின்சீட்டில் பெல்ட் எதற்கு என்று கேட்பவரும் இதே கணக்கில்தான் தோற்கிறார். பின்சீட்டும் முன்சீட்டும் ஒரே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தன.

கம்பி ஏற்றிய லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் சக்கரம் நிற்கிறது, லாரி நிற்கிறது. சரியாகக் கட்டாத கம்பிக்கு அதை யாரும் சொல்லவில்லை. அது தன் பாட்டுக்கு முன்னால் வருகிறது, ஓட்டுநரின் முதுகுப்பக்கத்தைத் தேடி. வண்டி நின்றால் சுமையும் நிற்கும் என்று நினைத்துக் கயிற்றைத் தளர்வாகக் கட்டுகிறவர், வடத்தை விட்டால் தேர் நின்றுவிடும் என்று நினைக்கிறவரின் உடன்பிறப்பு. மணிக்கு 40இலிருந்து 80க்கு வேகத்தை ஏற்றினால் பிரேக்கும் இரண்டு மடங்கு தூரம் கேட்கும் என்று எண்ணுபவரும் இந்தக் குடும்பம்தான். காய்ந்த நல்ல சாலையில் 40இல் பிரேக் பிடித்தபின் ஒன்பது மீட்டர் போதும் என்றால், 80இல் 36 மீட்டர் வேண்டும். கையிருப்பு இரட்டித்தால் அதைக் கரைக்கும் நேரமும் இரட்டிக்கிறது. அந்த நேரம் முழுக்க வண்டியும் இரட்டை வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக நான்கு மடங்கு.

கணக்குப் போடத் தெரிந்தால் கருத்துத் தானாக வந்துவிடும் என்று ஆறுதல்படுகிற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஜான் கிளமென்ட் 1982இல் வெளியிட்ட ஆய்வில் பொறியியல் மாணவர்களிடம் இதே நாணயக் கேள்வியைக் கேட்டார். பெரும்பாலோர் என் அக்கா மகன் சொன்ன அதே மேல்நோக்கிய விசைக்கு அம்புக்குறி வரைந்தார்கள். டேவிட் ஹெஸ்டனிஸும் அவருடைய சகாக்களும் 1992இல், கணக்கே இல்லாமல் கருத்தை மட்டும் கேட்கும் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். மேலே சொன்ன லிஃப்ட் கேள்வியும் அதில் உண்டு. ஹார்வர்டில் எரிக் மஸூர் இப்படிப்பட்ட ஒரு தேர்வை வைத்தபோது, ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்ற பொருளில் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் வகுப்பறையின் தோல்வி முழுக்க அடங்கியிருக்கிறது. மண்டைக்குள் இரண்டு இயற்பியல்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்று பரீட்சைக்கு, ஒன்று வாழ்வதற்கு. ரோட்டைக் கடக்கும்போது எது வேலை செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. எந்த இயக்கத்தைக் காட்டினாலும் ‘இதை எது ஓட்டுகிறது’ என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, ‘இதில் என்ன மாறுகிறது’ என்று கேட்கப் பழக்க வேண்டும். வேகமும் திசையும் மாறவில்லையா? எத்தனை பேர் இழுத்தாலும் நிகரம் சுழி என்று எழுது. மாறுகிறதா? எந்தப் பக்கம் மாறுகிறதோ அந்தப் பக்கம் நிகர விசை இருக்கிறது, தேடு. பொருள் கனமானால் அதே விசைக்கு மாற்றம் குறைவு. இவ்வளவுதான் விஷயம். சூத்திரம் இதற்குச் சுருக்கெழுத்து.

தேருக்குத் திரும்புவோம். நிலையிலிருந்து கிளப்பும்போது ஆயிரம் பேரின் இழுவை உராய்வை மிஞ்சுகிறது, நிகரம் முன்னோக்கி, தேர் அசைகிறது. வீதியில் அன்னநடை போடும்போது இழுவையும் உராய்வும் சமம், அத்தனை வியர்வையும் உராய்வுக்கு ஈடுகட்டவே செலவாகிறது. வினாடிக்கு அரை மீட்டர் நகரும் 300 டன்னை ஒரே வினாடியில் நிறுத்த 15 டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். வடத்தை விட்டுவிட்டால் மட்டும் அது வந்துவிடாது. கொஞ்ச தூரம் உருண்டுவிட்டுத்தான் நிற்கும், அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் மனிதர்கள் நிற்கிறார்கள். அதனால்தான் கட்டை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் தேர் அந்தப் பக்கம் முகம் திருப்பும். வேகத்தைக் குறைக்கவும் திசையைத் திருப்பவும் விசை வேண்டும் என்பது அந்த நாலைந்து பேருக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். ஓடுகிற காரியத்தைத் தடுப்பவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று சொல்லும் நாமும் இதை ஒருகாலத்தில் அறிந்தே இருந்திருக்கிறோம்.

சாயங்காலம் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்பார்கள். அசையாமல் நிற்கும் இடத்துக்கு ‘நிலை’ என்று பெயர். பாடநூல் எழுதியவர்கள் இதே வேரிலிருந்து ‘நிலைமம்’ என்ற சொல்லை எடுத்தார்கள். அதில் ஓய்வுக்கும் இடம் கொடுத்தார்கள், சீரான ஓட்டத்துக்கும் இடம் கொடுத்தார்கள். கொட்டகையில் நிற்பது தேருக்கு ஒரு நிலை, வீதியில் சீராக உருள்வதும் அதற்கு ஒரு நிலை. ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்குப் போகத்தான் வடமும் கட்டையும் வேண்டியிருக்கின்றன. அடுத்த தேரோட்டத்துக்கு அக்கா மகனையும் கூட்டிப்போகப் போகிறேன். வடம் பிடிக்க அனுப்ப மாட்டேன், சக்கரத்தின் பக்கம் நிறுத்திக் கட்டை போடுகிறவர்களின் கையைப் பார்க்கச் சொல்வேன்.